ராத்திரி குடித்தது விடிவதற்குள் இறங்கிவிடுமா? லாரி ஓட்டுபவர்களுக்கு ஓர் எளிய கணக்கு

சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு புனே போன ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். சரக்கை இறக்கியாயிற்று. திரும்பி வர லோடு கிடைக்கவில்லை. டிரைவர் இரண்டு நாளாக வண்டியோடு வண்டியாகக் காத்துக் கிடக்கிறார். கேபினுக்குள் சூடு, வெளியே கொசு, பேசுவதற்கு ஆள் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி 10 மணிக்கு ஒரு குவார்ட்டரைக் குடித்துவிட்டு, சாப்பிட்டுப் படுக்கிறார். 3 மணிக்கு புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வருகிறது: "லோடு ரெடி, 4 மணிக்கு எடுத்துடுங்க." எழுந்து முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு, 4 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். தலை கிறுகிறுக்கவில்லை, கால் தடுமாறவில்லை, பேச்சு குழறவில்லை. கேட்டால் "எல்லாம் தெளிஞ்சிடுச்சு" என்பார். மனதாரத்தான் சொல்வார்.

அந்த நேரத்தில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னால் அவர் மாட்டிக்கொள்வார். ஒரே ஒரு குவார்ட்டர், நடுவில் ஐந்து மணி நேரத் தூக்கம். அப்படியும் சட்டம் விட்டுவைக்கும் அளவைவிடக் கூடுதலாகவே அவர் ரத்தத்தில் ஆல்கஹால் மிச்சம் இருக்கும்.

'குடித்துவிட்டு ஓட்டாதே' என்ற பலகை எல்லா டோல்கேட்டிலும் இருக்கிறது. நேற்று ராத்திரி குடித்துவிட்டு இன்று காலையில் ஓட்டுகிற மனிதர் அந்தப் பலகை தன்னைப் பார்த்துச் சொல்வதாக நினைப்பதே இல்லை. நீண்ட தூரம் லாரி ஓட்டுபவர்களுக்கு மதுவால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். கணக்கு தெரிந்தால் இதில் பாதியைத் தவிர்த்துவிடலாம். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு குவார்ட்டரில் எத்தனை கிராம்?

பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம் கடைகளில் விற்கும் பாட்டிலில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 77 மில்லி, எடைக்கு மாற்றினால் 60 கிராம். கட்டிங் என்றால் அதில் பாதி, 30 கிராம். ஹாஃப் என்றால் 125 கிராமுக்குப் பக்கம். பீரில் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீதம் இருந்தால் 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 40 கிராம். அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், ஒரு கட்டிங்கைவிட அதிகம்.

குடித்த ஆல்கஹால் வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிறாக இருந்தால் சீக்கிரம் ஏறும், சாப்பிட்டிருந்தால் மெதுவாக ஏறும். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை 100 மில்லி ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வரம்பு 30 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் ஒரு குவார்ட்டர் குடித்தால் அவருக்குச் சுமார் 125 வரை ஏறக்கூடும், வரம்பைப் போல நாலு மடங்கு. ஒல்லியான, 55 கிலோ உள்ளவருக்கு அதே குவார்ட்டர் 160-ஐத் தொடும்.

சரி, ஏறியது எப்படி இறங்கும்? கொஞ்சம் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் போகும். மீதி 90 சதவீதத்துக்கும் மேல் கல்லீரல்தான் உடைத்துத் தள்ள வேண்டும். அதற்கு ஒரே வேகம்தான். மோகனூர் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூறு வண்டி நின்றாலும் எடை மேடையில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் ஏறும். ஹாரன் அடித்தாலும் அதே வேகம்தான். கல்லீரலும் அப்படியே. ஆல்கஹாலை உடைக்கும் நொதிகள் அதில் ஓரளவுக்குத்தான் இருக்கின்றன. 70 கிலோ மனிதருக்கு மணிக்குச் சுமார் 7 கிராம் கரையும். ரத்த அளவில் சொன்னால் மணிக்கு 15 மில்லிகிராம் குறையும். ஆளுக்கு ஆள் இது 10-இலிருந்து 20 வரை மாறலாம்.

இப்போது புனேயில் இருக்கும் நம் டிரைவரிடம் வருவோம். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பித்தார். 4 மணி வரை 6 மணி நேரம். மணிக்கு 15 என்றால் 90 இறங்கியிருக்கும். 125-இல் 90 போனால் மிச்சம் 35. வரம்பு 30. முழுதாகக் காலியாக வேண்டுமென்றால் 6 மணி தாண்டி இருபது நிமிடமாவது ஆகும். இது ஒரு குவார்ட்டர் கணக்கு. அவர் குவார்ட்டரோடு இன்னொரு கட்டிங்கும் போட்டிருந்தால் 190-ஐ ஒட்டி ஏறியிருக்கும், 4 மணிக்கு 100 மிச்சம் இருக்கும். அந்த 100 வரம்பைத் தொடவே காலை 8.30 தாண்டிவிடும், காலியாக 10.30 தாண்டும். ஹாஃப் என்றால் மறுநாள் மதியமும் போய் மாலை வந்துவிடும்.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள ஒரு வழி: குடித்த மொத்த கிராமை 7-ஆல் வகுங்கள். அத்தனை மணி நேரம், குடிக்க ஆரம்பித்ததிலிருந்து. உடம்பு மெலிந்தவர், வயதானவர், கல்லீரல் கெட்டவர் என்றால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இது தோராயம்தான். இதை நம்பி நிமிடக் கணக்கில் வண்டியை எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாத நேரம் எது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

டீ, காபி, எலுமிச்சைச் சாறு, மோர், குளிர்ந்த தண்ணீரில் குளியல் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எதுவுமே கல்லீரலின் வேகத்தைக் கூட்டாது. டீ குடித்தால் கண் விழிக்கும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சம் இருப்பது வெளியே வரலாம், ஏற்கெனவே ரத்தத்துக்குப் போனது வராது. தூங்கினாலும் வேகம் ஒன்றுதான். தூங்கி எழுந்ததும் தெளிந்த மாதிரி இருப்பதற்குக் காரணம், மூளை அந்தப் போதைக்குக் கொஞ்சம் பழகிக்கொண்டதுதான். தினமும் குடிப்பவருக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். 80, 100 இருக்கும்போதுகூட அவர் நேராக நடப்பார், தெளிவாகப் பேசுவார். "எனக்கெல்லாம் ஏறாது" என்று சொல்கிற அண்ணன்மாரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஏறுவது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வரும்போது பிரேக்குக்குப் போக வேண்டிய கால், அந்த 80-க்கு ஏற்ற தாமதத்தோடுதான் போகும்.

மூளையில் முதலில் மங்குவது

ஆல்கஹால் மூளையை ஒரே அடியாக அமுக்குவதில்லை. நிதானம்தான் முதலில் மங்கும். இந்த இடத்தில் முந்தலாமா, இந்த இறக்கத்தில் எந்த கியர், எதிரே வரும் வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற முடிவுகள் அந்த நிதானத்திலிருந்துதான் வருகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் திறன் 20 மில்லிகிராமிலேயே குறையத் தொடங்குகிறது. லாரி ஓட்டுவதே ஒரே நேரத்தில் நாலு விஷயத்தைக் கவனிப்பதுதானே. இரண்டு பக்கக் கண்ணாடி, முன்னால் போகும் வண்டி, ஏர் பிரஷர் முள், பின்னால் தார்ப்பாய்க்கடியில் ஆடும் லோடு. கண்ணும் பாதிக்கப்படும். எதிரே ஹைபீம் அடித்துக் கடந்த பிறகு இருட்டுக்குப் பார்வை திரும்ப வழக்கத்தைவிட அதிக நேரமாகும். கால் தடுமாறுவதும் பேச்சு குழறுவதும் இவற்றுக்கெல்லாம் அப்புறம் வருபவை. தடுமாறவில்லை என்பதை வைத்து ஓட்டலாம் என்று முடிவு கட்டுவது தப்பு என்பதற்கு இதுதான் காரணம்.

காரில் இருந்தாலும் இதே மூளைதான். ஆனால் பத்துச் சக்கர லாரி முழு லோடோடு 28.5 டன் வரை இருக்கலாம். அது 2018-இல் உயர்த்தப்பட்ட அனுமதி எடை. ஒன்றரை டன் காரைப் போல 19 மடங்கு. அதே வேகத்தில் போனால் நிறுத்த வேண்டிய விசையும் 19 மடங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. பிரேக் மிதிப்பதில் அரை நொடி தாமதமானால் 8 மீட்டர், ஒரு லாரியின் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் ஏர் பிரேக்கில் மிதித்ததும் காற்று பின் சக்கரம் வரை போய்ச் சேர ஒரு சின்ன இடைவெளி உண்டு. தெளிவாக இருக்கும் டிரைவர் அதையும் சேர்த்துத்தான் முன்கூட்டியே மிதிப்பார். வருடக்கணக்காகப் பழகிய அந்தக் கணக்கைத்தான் ஒரு கட்டிங் அழித்துவிடுகிறது.

தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். பெங்களூரு பக்கமிருந்து சேலம் நோக்கி வரும்போது அங்கே நீண்ட இறக்கம். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றி, என்ஜின் பிடித்து நிறுத்தும்படி விட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும், டிரம் காய்ந்து சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அங்கே நடந்த பல விபத்துகளில் இந்த நியூட்ரல் பழக்கம் பேசப்பட்டிருக்கிறது. மேலே நிற்கும்போது எடுக்கிற ஒரே ஒரு முடிவில் மொத்த இறக்கமும் அடங்கியிருக்கிறது. ராத்திரிக் குடியின் மிச்சத்தோடு வருகிறவருக்குக் கை கால் சரியாக இருக்கலாம். "பாத்துக்கலாம், நியூட்ரல்ல விடு" என்ற தைரியம் வருகிறது பாருங்கள், அதுதான் ஆல்கஹாலின் வேலை.

கேஸ் ஏற்றிய புல்லட் டேங்கர்களும் நாமக்கல்லிலிருந்து நிறைய ஓடுகின்றன. அதில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த டிரைவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கம்

"குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்று நிறையப் பேர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. என்ஜின் சூடு இன்னும் அடங்காத கேபினில், டீசல் திருடன் வருவானோ என்ற கவலையோடு, பக்கத்தில் ஹாரன் சத்தத்தில் தூங்குவது எளிதா? 2025-இலிருந்து தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. அதற்கு முன் வந்த லட்சக்கணக்கான வண்டிகளில் டிரைவர்கள் வெந்துகொண்டுதான் படுக்க வேண்டும். குடிக்கிறவர்களைத் திட்டுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்த கேபினில் படுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனால் அந்தத் தூக்கம் கடன் வாங்கிய தூக்கம். முதல் இரண்டு மூன்று மணி நேரம் கல் மாதிரி தூங்க வைக்கும். ஆல்கஹால் குறையக் குறைய, பின்பாதி இரவில் தூக்கம் துண்டு துண்டாகும். கனவு வரும் தூக்கம் குறையும். மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள அதுவும் வேண்டும். தொண்டைத் தசைகள் தளர்ந்து குறட்டை கூடும், ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு அடைபடும் தொந்தரவு உள்ளவருக்கு அது இன்னும் மோசமாகும். உட்கார்ந்தே வேலை செய்து உடம்பு போட்ட டிரைவர்களிடம் இந்தத் தொந்தரவு அதிகம். போதாததற்கு ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். நாக்கு வறண்டு, தலை வலியோடு எழ வேண்டியிருக்கும். ஏழு மணி நேரம் படுத்திருந்தாலும் உடம்புக்கு அத்தனை மணி நேரத்தின் பலன் கிடைத்திருக்காது.

தூக்கமில்லாமல் ஓட்டுவதே போதையில் ஓட்டுவதற்குச் சமம் என்பதை 1997-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு அளந்து காட்டியது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் என்றால் 100-க்குச் சமம். இதன் மேல் உண்மையான ஆல்கஹால் 35-ஓ 40-ஓ சேர்ந்தால்? அதுவும் விடியற்காலை 2 முதல் 5 மணி வரை உடம்பின் கடிகாரமே "தூங்கு" என்று சொல்கிற நேரத்தில்? ஒன்றோடு ஒன்று சேரும்போது ஒவ்வொன்றும் தனியாக இருப்பதைவிடக் கடுமையாக அடிக்கும். மீட்டரில் 35 என்று காட்டுகிற டிரைவர் சாலையில் 100 உள்ளவர் போல ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நீண்ட தூரத் தடங்களில் 10 மணி நேரம் வரை என்று வேலை நேரத்துக்கு வரம்பு வைத்தது. ஒற்றை டிரைவராக டெல்லி நடை போகிற யாரிடமாவது அந்த 10 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையில் குடி பெரும்பாலும் காத்திருக்கும் நாட்களில் பழக்கமாகிறது, ஓய்வில்லாத நாட்களில் ஆளைக் கொல்கிறது.

திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து

இதை டிரைவர்களிடம் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வருடக்கணக்கில் தினமும் குடிக்கும் ஒருவர், "இந்த நடை முழுக்கத் தொட மாட்டேன்" என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு வண்டி எடுக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் தினமும் ஆல்கஹாலுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் கொதித்தெழும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பே வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத ஆட்கள் தெரியும், இல்லாத குரல் கேட்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

நாமக்கல்லில் திங்கட்கிழமை கிளம்பிய டிரைவருக்கு இரண்டாம் நாள் என்றால் ஹைதராபாத்தை ஒட்டி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எங்கோ இருப்பார். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வலிப்பு வந்தால் என்ன ஆகும்? அந்த நடுக்கத்தைப் பார்த்து, "ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்" என்று பக்கத்து வண்டிக்காரர் சொல்வார், உண்மையிலேயே கொஞ்ச நேரம் சரியாகவும் ஆகிவிடும். அப்படித்தான் காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு ஆள் வந்து சேர்கிறார். காலையில் கை நடுங்குகிறதா, குடித்ததும் நிற்கிறதா? அப்படியானால் அது நோயாகிவிட்டது. மனஉறுதி இல்லை என்று அவரைப் பழிப்பதால் ஒரு பயனும் இல்லை. நிறுத்த வேண்டும், ஆனால் வண்டியில் போகும்போது நிறுத்தக் கூடாது, மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது கல்லீரல்தான் தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கும். ஆல்கஹாலை உடைப்பதில் மும்முரமாக இருக்கும் கல்லீரலால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால், பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை சரேலென்று இறங்கலாம். வியர்க்கும், நடுங்கும், உளறுவார், மயங்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். "குடிச்சிட்டுக் கிடக்கிறான்" என்று விட்டுவிடுவார்கள். கூட வரும் கிளீனருக்கு நம் சர்க்கரை நோயைப் பற்றித் தெரிந்திருப்பது அவ்வளவு முக்கியம். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் மாத்திரைகளில் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. அதோடு மதுவும் சேர்ந்தால் இரட்டிப்பாகும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுதான் இதற்கானது. 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இந்தத் தொகைகள் 2019 திருத்தத்தில் வந்தவை. லைசென்ஸும் பறிபோகலாம். டிரைவருக்கு அதுதான் பெரிய தண்டனை. அதிகம் பேசப்படாத 188-ஆம் பிரிவு, இந்தக் குற்றத்துக்குத் தூண்டுதலாகவோ உடந்தையாகவோ இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. டிரைவர் குடித்திருப்பது தெரிந்தும் "பரவாயில்ல, எடு" என்று அனுப்புகிறவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும்.

உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இன்சூரன்ஸ். ஓட்டியவர் போதையில் இருந்தால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம், பாலிசியிலேயே அந்த விலக்கு இருக்கும். ரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் மற்ற சான்றுகளை வைத்து ஓட்டுநர் போதையில் இருந்ததாக முடிவு செய்யலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. ஒரே வண்டி, அதுவும் பைனான்ஸில் வாங்கியது என்று இருக்கும் உரிமையாளருக்கு இது வீடு வாசல் போகிற விஷயம்.

வடக்கே போகிறவர்கள் மாநிலச் சட்டங்களையும் மனதில் வைக்க வேண்டும். குஜராத்தில் 1960-இல் மாநிலம் உருவான நாளிலிருந்து மதுவிலக்கு. பீகாரில் 2016 ஏப்ரல் முதல். பீகாரில் குடித்திருந்தாலே குற்றம், வண்டியில் ஒரு பாட்டில் இருந்தால் வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். "டூல்ஸ் பாக்ஸில் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு" என்பது அங்கே எடுபடாது. மதுவிலக்கு உள்ள இடங்களில் கள்ளத்தனமாகக் கிடைப்பதில் மெத்தனால் கலந்திருக்கவும் கூடும். அது கண்ணையும் உயிரையும் எடுத்துவிடும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்து நாமே பார்த்தோம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி வைத்த வழக்கு அது. சின்ன ஊர்களுக்கு அந்தத் தூரம் 220 மீட்டராகப் பிறகு குறைந்தது, நகராட்சி எல்லைகளுக்கும் விலக்கு வந்தது. தீர்ப்பை நான் வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். ஆனால் இரண்டு நாள் லோடுக்காகக் காத்திருக்கிற மனிதருக்கு 500 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

ஊதிவிட்டுக் கிளம்புவது

விமானம் ஓட்டுபவர் பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மதுவைத் தொடக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ரயில் ஓட்டுநர் ஒவ்வொரு முறை பணிக்கு வரும்போதும் ஊதிக் காட்ட வேண்டும். 28 டன் வண்டியைப் பொதுச்சாலையில், பள்ளிப் பிள்ளைகள் கடக்கிற இடத்தில் ஓட்டுபவருக்கு, போலீஸ் எங்காவது நிறுத்தினால்தான் சோதனை. லாரி ஷெட்டிலோ புக்கிங் ஆபீஸிலோ ஊதும் கருவி ஒன்று இருந்தால் என்ன? தண்டிப்பதற்காகச் சொல்லவில்லை. "35 காட்டுது, ரெண்டு மணி நேரம் படுங்க, அப்புறம் எடுக்கலாம்" என்று சொல்வதற்காக. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளத்தில் கை வைக்காமல் இருந்தால் டிரைவர்களே தானாக வந்து ஊதுவார்கள். லோடு எப்போது கிடைக்கும் என்று ஆபீஸ் முன்கூட்டியே சொன்னாலே போதும், பாதிப் பேர் அன்று ராத்திரி குடிக்க மாட்டார்கள். 3 மணிக்கு எழுப்பி 4 மணிக்கு எடு என்று சொல்லிவிட்டு, குற்றத்தை டிரைவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகப் படவில்லை எனக்கு.

நிறுத்த நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே குடிநோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்புக்கான ஆலோசனை கிடைக்கும், மன உளைச்சலுக்கு 14416. சிகிச்சையில் முதல் ஒரு வாரம் போல நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரை தருவார்கள், சத்துக்காகத் தயமின் ஊசியும் போடுவார்கள். அந்த மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பவை, அதனால் அந்த நாட்களில் வண்டி எடுக்க முடியாது. மருத்துவரிடம் உட்கார்ந்ததும் "நான் லாரி டிரைவர், இத்தனை நாள் லீவு எடுக்க முடியும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து எப்போது, எந்தத் தேதியிலிருந்து ஓட்டலாம் என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். ஓட்டலாம் என்ற தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கி, அதை உரிமையாளரிடம் காட்டுங்கள்.